கொக்கியில் தொங்கிய வார்த்தை

ஓசூர் ரோட்டில் நகரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். லாரிகள் உரசிக்கொண்டு போயின. எதிரே வந்த ஒரு பெண் என் கையைப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். வலது கையில் பிரஷ், இடது கையில் மூடி இல்லாத வெள்ளை பெயிண்ட் டப்பா. வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்திருக்கிறேன். பேண்ட் முழுக்க வெள்ளைப் புள்ளி.

திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று நின்றேன். போனால் எழுதச் சொல்வார்கள். ரோட்டோரம் பஞ்சர் கடை ஒன்று இருந்தது. டப்பாவை அங்கே வைத்து, "யாராவது தேடி வந்தா குடுங்க, வரலேன்னா நீங்களே வச்சுக்குங்க" என்றேன். கடைக்காரர் பெயிண்டை முகர்ந்து பார்த்து, "நல்ல பெயிண்டுதான், ஏன் விட்டுட்டுப் போற?" என்று கேட்டார். பிரஷ்ஷை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது என்னுடையது.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தொண்ணூற்று ஒன்றில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தேன். வந்த ஆண்டே, காவிரிக் கலவரத்தால் தெருவில் தமிழ் பேசினால் அடி விழும் என்ற நாட்கள் சில வந்தன. வாயை மூடிக்கொண்டு கன்னடம் கற்றேன். ஆனேக்கல் கல் குவாரியில் கொஞ்ச காலம். கல் தெறித்ததில் இடது கைச் சுண்டுவிரல் இன்றும் மடங்காது. அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டினேன். ஒரு ஓட்டலில் மாவு அரைத்தேன். எங்கேயும் இரண்டாவது தீபாவளியைப் பார்த்ததில்லை. பிரேசர் டவுனில் போர்டு எழுதும் ஒருவரிடம் சேர்ந்தபோதுதான் கையில் ஒரு தொழில் ஒட்டியது. பிசிறில்லாமல் ஆங்கில எழுத்து எழுத வந்தது. படிக்க வரவில்லை.

சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். போன மாதம், நான் வேலை பார்த்த விடுதியின் பம்ப் ரூமில் இப்போது இருக்கும் பையன்களைப் பார்க்கப் போயிருந்தபோது அவர்களில் ஒருவன் கேட்டான். "மாரியண்ணா, எல்லா டேங்கர்லயும் போட்டபிள், போட்டபிள்னு பெயிண்ட் அடிச்சிருக்கானுங்களே, அப்படின்னா இன்னா? ஃபோன்ல போட்டா 'குடிக்கத்தக்க'ன்னு வருது. அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் அது சரியில்லை என்று தோன்றியது. அந்த வார்த்தையை எனக்குத் தெரிய வைத்தவர் எஸ்தர் மேடம். அவரைப் பற்றி எழுதினால்தான் அதற்குப் பொருள் எழுதியதாகும்.

ஓசூர் ரோட்டுப் பக்கம் புதுப் புது ஆபீஸ்களும் அடுக்குமாடிகளும் எழும்பிய காலம். கட்டடம் வந்த வேகத்தில் குழாய் வரவில்லை. வெங்கடசாமி என்பவருக்கு அங்கே கொஞ்சம் நிலமும், மேட்டில் ஒரு நல்ல போர்வெல்லும் இருந்தன. டேங்கர் வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். ஒரு பெரிய ஆபீஸிலிருந்து அவருக்கு ஆர்டர் வந்தது, ஒரு நிபந்தனையோடு: தண்ணீர் போட்டபிள்ளாக இருக்க வேண்டும். ஓனருக்கு அந்த வார்த்தை தெரியாது. டேங்கரின் சைஸோ என்னவோ என்று நினைத்து, "அதெல்லாம் நம்மகிட்ட எல்லா சைஸ்லயும் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டாராம். பிறகு விசாரித்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று தெரிந்து, எஸ்தர் மேடத்தை வேலைக்கு வைத்தார்.

மேடம் பிரேசர் டவுன்காரர். ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தவர். என் வயதுதான் இருக்கும். ஒல்லி. வாட்சை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். ஓனர் முதல் ஹோஸ் இழுக்கும் ஆள் வரை எல்லோருக்கும் "நீங்க"தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதனால் டேங்கர் டிரைவர்கள் அவர் குரல் வழக்கம்போல் கேட்கும் நாட்களில் நிம்மதியாக இருப்பார்கள்.

நான் அங்கே போனது எழுத்து எழுதத்தான். இரும்புத் தகடுகளில் நீலம் அடித்து, வெள்ளையில் அந்த ஏழு எழுத்தை எழுதித் தர வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது ஓனர் வந்து நின்றார்.

"எதுக்கு மேடம் தகடு? மழைல துரு புடிக்கும், காத்துல பறக்கும். வண்டி மேலயே பெருசா எழுதிட்டா ஊரே பாக்கும்ல?"

"வண்டி போட்டபிள் இல்ல சார். தண்ணிதான். அதுவும் இந்த நடைக்கு ஏத்துற தண்ணி. காலைல அதே வண்டில குடிக்கிற தண்ணி போகும், மத்தியானம் சிமெண்ட் கலக்கற தண்ணி போகும். வார்த்தை ஏறி இறங்கணும். அதனால கொக்கிதான்."

ஓனர் என்னைப் பார்த்தார், இதெல்லாம் உனக்குப் புரிகிறதா என்பது போல. எனக்குப் புரியவில்லை. ஆனால் நான் எழுதிய எழுத்தை ஏற்றி இறக்கப் போகிறார்கள் என்பது வேடிக்கையாக இருந்தது. அவர் போனதும் கேட்டேன்.

"மேடம், குடிக்கிற தண்ணின்னு சொன்னா போதாதா? இதுக்கு எதுக்கு இங்கிலீஷ்ல தனியா ஒரு வார்த்தை?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். யார் எது கேட்டாலும் அப்படித்தான்.

"குடிக்க முடியற தண்ணி வேற, குடிக்கலாம்கிற தண்ணி வேற. குட்டைத் தண்ணியக்கூட குடிக்க முடியும். தாகம் எடுத்தா குடிப்போம். ஆனா குடிக்கலாம்னு ஒருத்தர் சொல்லணும் இல்லையா? அந்த ஒருத்தர் இருந்தாதான் இந்த வார்த்தைய போடலாம். பாலுக்கு யாரும் இத சொல்றதில்ல, இளநிக்கு சொல்றதில்ல. சந்தேகம் வர்ற எடத்துலதான் இதுக்கு வேலை. அதான் தண்ணிக்கு மட்டும்."

எட்டாவது வரை என்னிடம் யாரும் ஒரு வார்த்தையை இப்படிப் பிரித்து வைத்துப் பேசியதில்லை. தகடுகளை முடித்த அன்றே, அவர் வேறு ஒரு வேலையும் சொன்னார். தன் அறைச் சுவரில் ஒரு கதவளவு இடத்தை மட்டும் சுத்த வெள்ளையாக அடிக்க வேண்டும். எதற்கென்று மறுநாள் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, அந்த வெள்ளைக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். தண்ணீர் எலுமிச்சைத் தோலை விட வெளிறிய மஞ்சளாக மாறியது. அந்த மஞ்சள் இருந்தால், தண்ணீரைச் சுத்தப்படுத்தப் போட்ட குளோரின் மருந்து சரியாகக் கலந்திருக்கிறது. நிறம் வரவில்லை என்றால் போதாது, கூடிவிட்டால் அதிகம். அந்த மஞ்சளைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஹோஸ் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அங்கே எத்தனையோ தீபாவளி பார்த்தேன்.

மேடம் வைத்த நடைமுறை இதுதான். காலையில் போரிலிருந்து தண்ணீர் பிடித்து முதலில் கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். பிறகு நாக்கில் ஒரு துளி. பிறகு மருந்து கலந்து மஞ்சள். இது தவிர ஜன்னல் விளிம்பில் சோதனை மருந்து போட்ட சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் தண்ணீர் ஊற்றி மூடி ஒரு நாள் வைப்பார். தண்ணீர் கறுத்தால் அதில் சாக்கடை கலந்திருக்கிறது என்று பொருள். பாட்டில் தெளிவாக நின்றால்தான் தகடு அவர் அறை ஆணியிலிருந்து இறங்கும். சிமெண்ட் வேலைக்குத் தண்ணீர் ஏற்றிய வண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி ஊற்றிய பிறகுதான் தகட்டைத் தொட முடியும். மாலையில் எல்லாத் தகடும் அவர் அறைக்குத் திரும்பி வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. வண்டி போய் நின்றதும், சம்ப்பின், அதாவது நிலத்தடித் தொட்டியின், மூடியைத் திறப்பதற்கு முன், வண்டியோடு போனவர் வால்விலிருந்து ஒரு டம்ளர் பிடித்து, வீட்டுக்காரர் எதிரே முழுதாகக் குடிக்க வேண்டும். இதற்கென்று ஒவ்வொரு வண்டியிலும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது.

டிரைவர் சாதிக் பாய் ஆரம்பத்தில் இதை வைத்து ஓட்டு ஓட்டு என்று ஓட்டினார். "மேடம், தண்ணி கெட்டுப் போயிருந்தா குடிச்ச உடனேவா வயித்தால போகும்? சாயங்காலம்தானே தெரியும்? அதுக்குள்ள அவங்களும் குடிச்சிருப்பாங்க. எல்லாருமா சேந்து ஓட வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார்.

"சரிதான் பாய். அது தண்ணிக்கு வைக்கிற டெஸ்ட் இல்ல, உங்களுக்கு. எங்க புடிச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு குடிக்கிறீங்களான்னு அவங்க பாக்கறாங்க."

பாய் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. டம்ளரைத் துடைத்து வைக்கும் துணியை அவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்.

ஒரு ஆயுத பூஜைக்கு நடந்தது இது. டிரைவர்கள் உற்சாகத்தில் வண்டிக்கு வைத்த சந்தனத்தைத் தகடுகளுக்கும் அப்பி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, எல்லா வண்டியிலும் தொங்கவிட்டுவிட்டார்கள். சிமெண்ட் தண்ணீர் வண்டியிலும் தொங்கியது. மேடம் பூஜை முடியும் வரை நின்றார். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு வாளியும் துணியும் எடுத்துவந்து, ஒவ்வொரு தகடாகக் கழற்றித் துடைத்தார். ஓனருக்கு முகம் சுருங்கியது. "மேடம், நல்ல நாளும் அதுவுமா..." மேடம் சொன்னார்: "மாலை வண்டில இருக்கட்டும் சார். நல்லா இருக்கு. இது மட்டும் பொய் சொல்ல வேணாம்."

ஓனரைக் கெட்டவர் என்று நான் எழுதினால் அது தப்பு. மேடத்தின் தகட்டால் அவருக்கு நல்ல பெயர் வந்தது. அதை அவர் எல்லோரிடமும் சொல்வார். அடுகோடியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று தகட்டைப் பார்த்துத்தான் எங்களிடம் வந்தது. கன்னடமும் தமிழும் கலந்து பேசும் அதன் வார்டன் சரோஜா அம்மா, தகடு கொக்கியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார். டம்ளர் காலியாகும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். "பூரா குடிரீ, மிச்சம் வைக்காதே" என்பார்.

அப்புறம் மழை பொய்த்த ஒரு வருடம் வந்தது.

மேட்டுப் போர் இளைத்தது. பாதி நேரம் காற்றுதான் வந்தது. ஓனர் ஏரியோரம் ஒரு திறந்த கிணற்றைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த ஏரியில் ஊர்ச் சாக்கடை கலப்பது எல்லோருக்கும் தெரியும். ஏரிக் கிணறு கட்டட வேலைக்கு மட்டும் என்று மேடம் சொன்னார். ஓனர் தலையாட்டினார். மேட்டுப் போரில் கிடைத்ததை விடுதிக்கும் ஆபீஸுக்கும் பங்கிட்டார்கள். விடுதியில் குடிநீர் அளந்து கொடுக்கும் நிலை வந்தது.

அது நோன்பு மாதம். சாதிக் பாய் பகலில் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் விடுதி நடைக்கு டம்ளர் குடிக்க நான் போவது என்று மேடம் ஏற்பாடு செய்திருந்தார். காலையில் நான் தங்கியிருந்த அடுகோடி சந்துமுனையில் நிற்பேன். பாய் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். ஏறியதும் தினமும் ஒரே பேச்சு: "மாரி, எனக்கும் சேத்து குடிச்சுடு. பாவம் எனக்கு வேணாம், தண்ணி உனக்கு."

அன்று ஏறியபோது அவர் எதுவும் பேசவில்லை. நோன்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஏறும்போது பார்த்தேன், தகடு கொக்கியில் இருந்தது.

விடுதி வாசலில் பெண்கள் வாளியோடு வரிசையாக நின்றார்கள். முந்தைய நாள் வண்டி போகவில்லை. வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் முகம் கழுவாமல் நின்றார்கள். சரோஜா அம்மா தகட்டைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார். "வாப்பா, வாப்பா, பேக பேக" என்று அவசரப்படுத்தினார். நான் வால்வைத் திருப்பி டம்ளரைப் பிடித்தேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. வாய்க்குக் கொண்டு போனேன்.

சாதிக் பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"வேணாம் மாரி."

"ஏன் பாய்?"

"ஏரிக் கிணறு." அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. "மேட்டுல காத்து மட்டும்தான் வந்துச்சு. ஓனர் அங்க போய்ப் புடிச்சுக்கோன்னாரு. ரூம தொறந்து பிளேட்ட அவரே மாட்டினாரு. மேடம் இன்னும் வரல. நான் வாயத் தொறந்து பொய் சொல்லல. சும்மா ஓட்டிட்டு வந்துட்டேன். ஆனா நோன்ப வச்சுக்கிட்டு, நீ குடிக்கறத பாத்துட்டு நிக்க முடியல."

சரோஜா அம்மாவுக்குப் பாதி புரிந்தது. "ஏனாயித்து? என்ன பேச்சு அங்க? சம்ப்ப திறங்க!"

அந்த விடுதியில் சம்ப் ஒன்றுதான். அதிலிருந்துதான் சமையலுக்கும் போகும், கக்கூஸுக்கும் போகும். எதிரே இருந்த பெட்டிக்கடைக் காயின் ஃபோனிலிருந்து நான் எங்கள் டேங்கர் யார்டுக்கு அடித்தேன். மேடம் அப்போதுதான் வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"கக்கூஸுக்குத் தனி டேங்க் இருக்கா?"

"இல்ல மேடம். எல்லாம் ஒரே சம்ப்தான். வாளியில புடிச்சுக் குடுக்கவா? கழுவ மட்டும்னு சொல்லி?"

"தாகத்துல நிக்கிறாங்க மாரியப்பன். எந்த வாளி எதுக்குன்னு சாயங்காலம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? தொறக்காதீங்க. தகட்டக் கழட்டிட்டு வந்துடுங்க. அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிட்டு வாங்க."

சொன்னேன். அதற்குப் பிறகு சரோஜா அம்மா கன்னடத்திலும் தமிழிலும் திட்டியதை எழுத முடியாது. எழுதக்கூடியது இது மட்டும்: "தண்ணிய கண்ணுல காட்டிட்டு எடுத்துட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? இந்தப் பிள்ளைங்களுக்கு நீ பதில் சொல்லு!" வரிசையில் நின்ற ஒரு பெண் வாளியை எங்கள் வண்டியின் மேல் எறிந்தாள். அவள் செய்ததில் தப்பில்லை. நிறைந்த வண்டியோடு திரும்பினோம். டம்ளர் சம்ப் மூடியின் மேலேயே நின்றுவிட்டது.

யார்டில் மேடமும் ஓனரும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். மேடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"சார், தகட நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன். இப்ப அதுக்கு இன்னா? இருநூறு பொண்ணுங்க தண்ணி இல்லாம கெடக்குது. நான் இன்னா விஷமா அனுப்புனேன்? அந்தக் கிணத்துல ஊரே ஒரு காலத்துல குடிச்சுது. அதுங்களுக்குத் தண்ணி வேணும் மேடம், இங்கிலீஷ் வேணாம்."

"நீங்க குடிப்பீங்களா?"

இதைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் தயங்குவார், தலை குனிவார் என்று எதிர்பார்த்தேன். ஓனர் நேராகச் சாதிக் பாய் வண்டிக்குப் போனார். டம்ளர் இல்லை என்று தெரிந்ததும், வால்வைத் திறந்து இரண்டு கையிலும் ஏந்தி, மடக் மடக்கென்று குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"போதுமா? செத்தா போயிட்டேன்?"

டம்ளர் வழக்கத்தை நான் அத்தனை நாள் புரிந்துகொண்டிருந்த விதத்தில், அவர் ஜெயித்துவிட்டார். பாய் தரையைப் பார்த்தார்.

மேடம் அசரவில்லை. "குடிச்சீங்க சார். உங்களுக்கு தைரியம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா அது எந்தக் கிணறுன்னு தெரிஞ்சு குடிச்சீங்க. வேணும்னா குடிக்கலாம், வேணாம்னா விடலாம்னு உங்க கைல இருந்துச்சு. அந்தப் பொண்ணுங்க தெரிஞ்சா குடிச்சிருப்பாங்க? தகடு தொங்கினா அவங்க யோசிக்க மாட்டாங்க. நாம யோசிச்சிருப்போம்னு நம்பிடுவாங்க. அதுக்குத்தான் சார் அந்த வார்த்தை."

ஓனர் போய் வால்வை மூடினார்.

மேடம் அந்த வண்டியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடி, ஜன்னல் விளிம்பில் வைத்தார். "நாளைக்குக் காலைல இத பாருங்க. நான் இருக்க மாட்டேன், நீங்களே பாக்கலாம்" என்றார். பிறகு யார்டில் நின்ற வண்டி ஒவ்வொன்றாகப் போய்த் தகடுகளைக் கழற்றினார். அறையில் ஆணியில் இருந்தவற்றையும் எடுத்தார். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் சுற்றி ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் வைத்தார். அவருக்கும் அந்தச் சம்பளம்தான் வீட்டை நடத்தியது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

கிளம்பும்போது என்னிடம் வந்தார். "நீங்க எழுதினது. வேணும்னா ஒண்ணு எடுத்துக்குங்க."

"உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்."

"சரி. பாய் இன்னைக்கு நல்லது செஞ்சாரு. அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. நேர்ல சொன்னா அழுதுடுவாரு." ஸ்கூட்டி கிளம்பியது. சாக்கு சரியாமல் இருக்கக் காலால் அணைத்துக்கொண்டே ஓட்டிப் போனார்.

மத்தியானம் ஓனர் என்னைக் கூப்பிட்டார். கையில் பெயிண்ட் டப்பா இருந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மாரி, நீ பெயிண்டர்தானே? எல்லா வண்டி மேலயும் பெருசா எழுதிடு. கழட்ட முடியாத மாதிரி. நாளைக்கு ஆபீஸ்காரங்க பிளேட் எங்கன்னு கேப்பாங்க."

டப்பாவை வாங்கினேன். பிரஷ்ஷை எடுத்துவந்தேன். ஏணி வைத்து ஏறினேன். சாதிக் பாய் வண்டியின் பச்சைப் பக்கத்தில், கையால் அளந்து, முதல் எழுத்துக்கு நேர்கோடு இழுக்கப் பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு தீற்றல் வைத்தேன். என் கை நன்றாக எழுதும் கை. எழுதினால் பிசிறில்லாமல் வரும். வருடக்கணக்கில் அழியாது. அதே வண்டியில் நாளை எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஏறினாலும் என் எழுத்து அதற்கு நின்று பதில் சொல்லும். ஏணியிலிருந்து இறங்கினேன். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். ஓனர் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. அப்படித்தான் டப்பாவும் பிரஷ்ஷுமாக நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் வேறு வேலை தேடத்தான் கிளம்பினேன். ஆனால் டம்ளர் விடுதியில் கிடந்தது. அது மேடம் வாங்கிவைத்த டம்ளர். அதை எடுத்துப் பிரேசர் டவுனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பழைய போர்டு கடையில் இடம் கேட்கலாம் என்று கணக்கு.

சரோஜா அம்மா கேட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா! என்ன தைரியம்ரீ உனக்கு!"

"டம்ளர் எடுக்க வந்தேன்மா."

"டம்ளரா? இங்க சம்ப் பாக்கற ஆள், நேத்து பொண்ணுங்க போட்ட சத்தத்துல ஓடியே போயிட்டான். எந்த டேங்கர்காரன் எந்தத் தண்ணி கொண்டாறான்னு எனக்கு எப்படித் தெரியும்? பிளேட்ட பாத்தேன், நம்பினேன். நீ சொல்லலேன்னா ஊத்திக்கிட்டிருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என் தண்ணிய திருப்பி அனுப்பினவன் நீதானே? இனிமே இங்க நின்னு நீயே தண்ணி வாங்கு. பின்னாடி ரூம் இருக்கு. சாப்பாடு மெஸ்ல. என்ன சொல்ற?"

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் தெருமுனையில் ஹார்ன் கேட்டது. பச்சை டேங்கர். பக்கவாட்டில் எழுத்து எதுவும் இல்லை. மேல் மூலையில் ஒரே ஒரு வெள்ளைத் தீற்றல், நான் பிரஷ் வைத்த இடம். கொக்கிகள் காலியாக ஆடிக்கொண்டிருந்தன.

சாதிக் பாய் இறங்கினார். உதடு வறண்டிருந்தது.

"பாட்டில் ராத்திரியே கறுத்துப் போச்சு மாரி. டிகாஷன் மாதிரி. ஓனர் வந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. மேட்டுப் போர்ல எவ்ளோ நேரம் ஆனாலும் நின்னு புடிச்சுட்டுப் போன்னாரு. பிளீச்சிங் போட்டு வண்டியக் கழுவிட்டு, விடியறதுக்கு முன்னாடியிருந்து நிக்கிறேன். முக்கால் வண்டிதான் தேறிச்சு."

"ஓனருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்காரு."

"மருந்து?"

"மேடம் காட்டின அளவுதான். சொவத்துல வச்சு நானே பாத்தேன். மஞ்சள் வந்துச்சு."

பெண்கள் வாளியோடு வந்து நின்றார்கள். முந்தைய நாள் வாளி எறிந்தவளும் இருந்தாள். சரோஜா அம்மா காலிக் கொக்கியைப் பார்த்தார். கேட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"ஏன்ரீ, பிளேட் எங்க?"

நான் சம்ப் மூடியின் மேலிருந்த டம்ளரை எடுத்து, சட்டையில் துடைத்து, வால்வில் பிடித்தேன். பாயைப் பார்த்தேன். அவருக்கு நோன்பு. குடித்துக் காட்ட முடியாது. சொல்லத்தான் முடியும்.

"குடிக்கலாமா பாய்?"

அவர் இந்த முறை என் கண்ணைப் பார்த்தார். "குடி மாரி."

முழுதாகக் குடித்தேன். மேட்டுப் போர்த் தண்ணீரின் லேசான உப்பு, மருந்தின் வாசம். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"பிளேட் இல்லம்மா," என்றேன். "ஆள் இருக்காரு."

சரோஜா அம்மா பாயை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். பிறகு கேட்டை முழுக்கத் தள்ளித் திறந்துவிட்டு, இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து சம்ப்பின் சாவியைக் கழற்றி என் கையில் போட்டார்.